நடக்க வைப்பது வீடுதான்

(மருத்துவமனையைத் தாங்கும் சபையாரின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட கூடுகைகளில் ஆஸ்பத்திரிக்குள்ளே நடக்கும் காரியங்களையே நாங்கள் உங்களுக்கு எடுத்துச் சொல்வது வழக்கம். புதிதாக வாங்கிய கருவி, பழுதுபார்த்த வார்டு, அந்த வருஷம் நடந்த ஆபரேஷன்கள் என்று அந்த அறிக்கை போகும். இன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே போக விரும்புகிறேன். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு, வாடகைக் காரின் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, மெதுவாக ஏறி உட்கார்ந்து ஒரு வயதான தாயார் வீட்டுக்குப் போகிறாரே, அவரோடுகூட அந்த வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். இடுப்பு மூட்டில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் முதியவர்களைக் குறித்தே பேசப்போகிறேன். எனக்கும் அறுபது கடந்துவிட்டது. ஆகையால் இதை யாரோ ஒருவருடைய காரியம் என்று தள்ளி வைத்து என்னால் பேச முடியாது.

முதலில் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் போன்றது. தொடை எலும்பின் மேல் முனை பந்தாக உருண்டிருக்கிறது. இடுப்பெலும்பில் உள்ள குழி அதைக் கிண்ணம்போல் தாங்குகிறது. பந்துக்குக் கீழே இருக்கும் ஒடுங்கிய பகுதியை டாக்டர்கள் தொடை எலும்பின் கழுத்து என்பார்கள். வயது ஏற ஏற எலும்பின் உறுதி குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் அது இன்னும் வேகமாகக் குறைகிறது. அப்படிப்பட்ட எலும்பு முறிவதற்கு மாடியிலிருந்து விழவேண்டியதில்லை. குளியலறை ஈரத்தில் வழுக்கினாலும், இரவில் எழுந்துபோகும்போது கால்மிதியில் தடுக்கினாலும் போதும். "இடுப்பு ஒடிந்துவிட்டது" என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் இந்தக் கழுத்துப் பகுதியோ, அதற்குச் சற்றுக் கீழே உள்ள பகுதியோ முறிவதுதான்.

நம்முடைய பாட்டிமார் காலத்தில் இப்படி விழுந்தவர்களைக் கட்டிலில் கிடத்தினால், அநேகர் அந்தக் கட்டிலைவிட்டு எழும்பவே இல்லை. இன்று அப்படியில்லை. முறிவின் தன்மையைப் பார்த்து டாக்டர்கள் திருகாணியோ, தகடோ, ஆணியோ வைத்து எலும்பைச் சேர்க்கிறார்கள். அல்லது உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்துகிறார்கள். மூட்டே தேய்ந்துபோனவர்களுக்குப் பந்து, கிண்ணம் இரண்டையும் மாற்றுகிறார்கள். இந்த முழு மூட்டு மாற்றத்துக்கு நல்ல வழியைக் காட்டியவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. அவர் முதலில் டெஃப்லானால் செய்த கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். அது சீக்கிரமே தேய்ந்துபோயிற்று. அந்தத் தோல்வியோடு நின்றுவிடாமல், 1962 நவம்பரில் உறுதியான பாலிஎதிலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் நடக்கும் மூட்டு மாற்று ஆபரேஷன்களுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

இந்த ஆபரேஷன் இரண்டொரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தாயார் மறுபடியும் தம் காலால் நடந்து அடுக்களைக்கும், வாசலுக்கும், ஆலயத்துக்கும் போவாரா என்பது அந்த இரண்டு மணி நேரத்தில் தீர்மானமாவதில்லை. அதற்குப் பின்வரும் ஆறு வாரங்களில், மூன்று மாதங்களில், வீட்டில்தான் தீர்மானமாகிறது. இன்று உங்களுக்கு முன் நான் வைக்க விரும்பும் காரியம் இதுவே.

ஆபரேஷன் ஆன மறுநாளே, முடிந்தால் அன்றே, எங்கள் நர்சுமாரும் பிசியோதெரபிஸ்டும் நோயாளியை எழுப்பி உட்கார வைத்து, பிறகு நிற்க வைக்கிறார்கள். அதைப் பார்த்துக் கோபப்படும் பிள்ளைகள் உண்டு. "நேத்துத்தானே வெட்டினீங்க, இன்னைக்கே எழுப்புறீங்களே, இதயமே இல்லையா?" என்று ஒரு மகன் என்னிடம் கேட்டார். அவர் தாயின்மேல் வைத்த அன்பினால் கேட்டார். நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, உன் அம்மாவுக்கு இப்போது கட்டில்தான் ஆபத்து."

ஏன் அப்படிச் சொன்னேன்? அசையாமல் படுத்திருக்கும் காலில் இரத்தம் உறையக்கூடும். அந்த உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே மோசம். மல்லாந்தே படுத்திருப்பவருக்கு நெஞ்சில் சளி தேங்கி நிமோனியா வரலாம். முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் உண்டாகும். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எல்லாம் வரிசையாக வரும். தசைகளோ நாளுக்கு நாள் வற்றிப்போகும். வயதானவருக்கு அவற்றைத் திரும்ப ஊட்டுவது சுலபமல்ல. ஆகவே ஆஸ்பத்திரியில் எழுப்பி நடக்க வைக்கிறோம். ஒருசிலருக்கு மாத்திரம், "இந்தக் காலில் இத்தனை நாள் பாரம் போடவேண்டாம்" என்று டாக்டர் சொல்லுவார். அதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே தெளிவாகக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் வாக்கரைப் பிடித்து வராந்தா நீளத்துக்கு நடந்த அம்மா வீட்டுக்குப் போகிறார். பத்து நாள் கழித்து நான் போய்ப் பார்த்தால் கட்டிலில் படுத்திருக்கிறார். வாக்கரின்மேல் துவாலை காய்கிறது! "ஏம்மா, நடக்கலையா?" என்று கேட்டால், "பிள்ளைங்க விடமாட்டேங்குதுங்க ஐயா" என்கிறார். பிள்ளைகளைக் கேட்டால், "மறுபடி விழுந்துட்டா என்ன செய்யறது? எல்லாத்தையும் கையிலேயே கொடுத்துடறோம்" என்கிறார்கள். காபி கட்டிலுக்கு வருகிறது. சோறு கட்டிலுக்கு வருகிறது. பெட்பேன் கட்டிலுக்கு வருகிறது. அன்பிலே ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அன்பு, டாக்டர் எழுப்பி விட்டவரைத் திரும்பப் படுக்க வைத்துவிட்டது.

இதற்கு மாறாக ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வயது எழுபத்தெட்டு. அவருடைய மருமகள் அதிகம் படித்தவர் அல்ல, ஆனால் ஞானமுள்ளவர். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், "அத்தை, காபி இங்க வராது. நாலு எட்டு நடந்து நாற்காலிக்கு வாங்க, கூட வந்து நான் பிடிச்சுக்கறேன்" என்றாராம். அடுத்த வாரம் அந்த நாற்காலி சாப்பாட்டு மேசைக்குப் போயிற்று. அதற்கடுத்த வாரம் வாசல் திண்ணைக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பழைய மாணவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். மூன்றாம் மாதம் அந்த அம்மா கைத்தடியோடு ஆலயத்துக்கு வந்தார். டாக்டர் கால் கொடுத்தார். அந்த மருமகள் அந்தக் காலுக்குப் போவதற்கு ஓர் இடத்தைக் கொடுத்தார்.

இனி வீட்டைக் குறித்துச் சில காரியங்கள். இவை சின்னவையாகத் தோன்றும். ஆனால் ஆபரேஷன் வீணாவதும் வெற்றியாவதும் இவற்றில் இருக்கிறது.

நம்முடைய வாழ்க்கை தரையோடு சேர்ந்த வாழ்க்கை. பாயில் உட்காருகிறோம், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம், அரிவாள்மணையில் குந்திக் காய் நறுக்குகிறோம், குந்தித்தான் கழிப்பறையையும் உபயோகிக்கிறோம், முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறோம். செயற்கைப் பந்து பொருத்தப்பட்டவர்களுக்கு இவையெல்லாம் ஆபத்து. சுற்றியுள்ள சதைகள் ஆறி இறுகும்வரை இடுப்பை அதிகமாக மடக்கினாலும், கால்மேல் கால் போட்டாலும், ஆபரேஷன் ஆன காலை உட்புறமாகத் திருகினாலும் பந்து கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். எத்தனை வாரம், எந்தெந்த அசைவு கூடாது என்பது ஆபரேஷன் செய்த முறையைப் பொறுத்தது. உங்கள் டாக்டர் சொல்லுவதே கணக்கு. பொதுவாக, உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் இடுப்புக்கு மேலே போகக்கூடாது என்று நினைவில் வையுங்கள். கீழே விழுந்த கைக்குட்டையை அவர் குனிந்து எடுக்கவேண்டாம். செருப்பைக் குனிந்து மாட்டவேண்டாம். பக்கவாட்டில் படுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை இருக்கட்டும்.

ஆகவே அவர் வீட்டுக்கு வருமுன்னே வீட்டை ஆயத்தப்படுத்துங்கள். இரண்டு பக்கமும் கை உள்ள, உயரமான, ஆடாத நாற்காலி ஒன்று வேண்டும். பள்ளமான சோபாவும் கயிற்றுக் கட்டிலும் உதவாது. கட்டில் தாழ்வாக இருந்தால் அதன் கால்களுக்குக் கீழே உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். கட்டை நழுவாதபடி குழி செதுக்கியிருக்கவேண்டும். குந்தும் கழிப்பறை மாத்திரம் இருக்கும் வீட்டில், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி பதித்துவிடுங்கள். கதவின் கைப்பிடியும் குழாயும் பாரம் தாங்காது. தரையில் கிடக்கும் கால்மிதி, மின்சார வயர், பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். குளியலறைத் தரையை ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்துங்கள். உட்கார்ந்து குளிக்க உயரமான பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். காலில் தளர்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம்; பின்பக்கம் பட்டை உள்ள, வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

வாக்கரைப் பிடித்து நடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், கடைசியில் நல்ல கால். படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்கவேண்டும்; இறங்கும்போது ஆபரேஷன் ஆன காலை முதலில் வைக்கவேண்டும். கைத்தடிக்கு வந்தபின், ஆபரேஷன் ஆன பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையில் தடி இருக்கவேண்டும். நோவுள்ள பக்கத்தில்தான் பிடிக்கவேண்டும் என்று அநேகர் நினைக்கிறார்கள், அது தவறு. ஒரே மூச்சில் நெடுந்தூரம் நடக்கவேண்டாம். கொஞ்ச நேரமாகப் பலமுறை நடக்கட்டும். படுத்திருக்கும் வேளையிலும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தால் இரத்த ஓட்டம் நிற்காது. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு, டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பிடுவது நல்லது. வலியைச் சகித்துக்கொண்டு படுத்திருப்பதால் யாருக்கும் லாபமில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆபரேஷன் ஆனவருக்குப் பருப்பு கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும், முட்டையும் மீனும் ஆகாது என்று பத்தியம் காக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வெறும் ரசஞ்சோறும் இட்லியும் சாப்பிட்டு அந்த அம்மா மெலிந்துபோகிறார். புண் ஆறவும் தசை ஊறவும் புரதம் வேண்டும். பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் எல்லாம் கொடுக்கலாம். கேழ்வரகும் பாலும் எலும்புக்கு நல்லவை. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவோடு சாப்பிடட்டும். இன்னொன்று: கழிப்பறைக்கு எழுந்துபோகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் முதியவர்கள் உண்டு. "பிள்ளைகளுக்குத் தொந்தரவு" என்று வாய்விட்டுச் சொல்லாமல் தாகத்தை அடக்கிக்கொள்வார்கள். அதைக் கவனித்துக் கேளுங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் நாள் பார்க்காமல் டாக்டரிடம் வரவேண்டும். காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், நீர் அல்லது சீழ் வடிதல், கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும், திடீரென்று கடுமையான வலி வந்து கால் குட்டையானதுபோலத் தெரிதல், நிற்க முடியாமற்போதல். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள். கால் வீங்கியிருக்கிறது என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடாதிருங்கள். உள்ளே இரத்த உறைவு இருந்தால் உருவுவது அதைப் பெயர்த்துவிடக்கூடும். இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மருந்தை, "நல்லாத்தான் இருக்கு" என்று நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

உடம்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். குருவானவர் என்ற முறையில் உள்ளத்தைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதியவர்களில் சிலர் ஆபரேஷனுக்குப் பின் சில நாட்கள் புத்தி தடுமாறிப் பேசுவார்கள். பகலை இரவு என்பார்கள். மகனையே யார் என்று கேட்பார்கள். இல்லாதவர்கள் வந்து நிற்பதாகச் சொல்லுவார்கள். வீட்டார் நடுங்கிப்போகிறார்கள். காற்று கருப்பு அண்டிவிட்டது என்றுகூடச் சொல்லுகிறார்கள். இது வலி, மருந்து, தண்ணீர்க் குறைவு, கிருமித்தொற்று, தூக்கமின்மை இவற்றால் வரும் தடுமாற்றம். டாக்டரிடம் உடனே சொன்னால் காரணத்தைக் கண்டு வைத்தியம் செய்வார். வீட்டார் செய்யவேண்டியது, அவருடைய கண்ணாடியை மாட்டிவிடுவது, பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பது, பழகிய குரலில் அமைதியாகப் பேசுவது. வாக்குவாதம் வேண்டாம். பெரும்பாலானவர்கள் தெளிந்துவிடுகிறார்கள், சிலருக்கு அதிக நாள் எடுக்கும்.

இதைவிட அதிக நாள் தங்குவது பயம். ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழுவோமோ என்று பயப்படுகிறார். பயத்தினால் நடக்காதிருக்கிறார். நடக்காததினால் கால் பலவீனமாகிறது. பலவீனத்தினால் மெய்யாகவே விழுகிறார். இந்தப் பயத்தை நம்மில் சிலர் ஊட்டி வளர்க்கிறோம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டிலண்டையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க பெரியம்மாவும் இப்படித்தான் விழுந்தாங்க, அப்புறம் ஆறு மாசம்தான்" என்று சொல்லுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். போய்ப் பார்ப்பது நல்ல ஊழியம். போனால், "வாங்கம்மா, வாசல் வரைக்கும் சேர்ந்து நடப்போம்" என்று சொல்லுங்கள். வீட்டாரும் கூட இருக்க, பத்து அடி அவரோடு நடந்துவிட்டு, பிறகு ஒரு சிறு ஜெபம் செய்யுங்கள். அவர் அந்த இரண்டையும் மறக்கமாட்டார்.

வெட்கமும் ஒரு பாரம்தான். ஊரிலே பெரிய விவசாயியாக இருந்த ஒரு ஐயா, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருவில் தெரிய மாட்டேன் என்று மூன்று வாரம் அறைக்குள்ளேயே இருந்தார். பேத்தி ஒரு நாள், "தாத்தா, கன்னுக்குட்டியைப் பாக்க வர்றீங்களா?" என்று கேட்டாள். தொழுவத்துக்குப் போகவேண்டுமானால் முற்றத்தைக் கடக்கவேண்டும். முற்றம் தெருவுக்குத் தெரியும். சற்று நேரம் யோசித்தார். பிறகு, "அந்த வாக்கரை எடு" என்றார். அதன்பின் அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கவனித்துக்கொள்ளுகிறவர்களையும் மறக்கக்கூடாது. இரவு மூன்று முறை எழுந்து, தூக்கி, துடைத்து, மாற்றி, காலையில் சமைத்து வேலைக்கும் போகிற மகளோ மருமகளோ ஒருத்தி இருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் நோயாளியைத்தான் விசாரிக்கிறார்கள்; அவளிடம், "நீ தூங்கினியாம்மா?" என்று கேட்பாரில்லை. சகோதரரே, பெற்ற தாயை எழுப்பி நடத்துவது பெண்களுக்கு மாத்திரம் விதிக்கப்பட்ட வேலையல்ல. மகன்மார் ஒரு இரவை ஏற்றுக்கொள்ளட்டும். சபையின் மாதர் சங்கம் வாரத்தில் ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்து, அவளைத் தூங்கவிடட்டும். அதுவும் காணிக்கைதான்.

ஆயர்மாருக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்டவர் முதல்முறை ஆலயத்துக்கு வரும்போது பாயில் உட்கார வைக்காதேயுங்கள். பீடத்தண்டையில் முழங்காற்படியிட வேண்டுமோ என்று அவர் தவிக்கும்படி விடாதேயுங்கள். கையுள்ள நாற்காலி ஒன்றை முன்வரிசையில் போட்டு வைத்து, திருவிருந்தை அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள். முன்கூட்டியே அவருக்கு அதைச் சொல்லியும் விடுங்கள். "அங்க போய் என்ன பண்ணுவேனோ" என்ற ஒரே கவலையால் வராமலே நின்றுபோனவர்களை நான் அறிவேன்.

உங்களில் பெரியவர்களுக்குக் கொல்லிமலையின் ஈவ்லின் பிராண்ட் அம்மையாரைப் பற்றித் தெரிந்திருக்கும். 1879ல் பிறந்தவர், கணவர் ஜெஸி பிராண்டோடு மலையில் ஊழியம் செய்தவர், 1929ல் கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். வேலூரில் குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்படுத்திய டாக்டர் பால் பிராண்டின் தாயார். எழுபது வயது தாண்டியபின் மலையில் விழுந்து இடுப்பு ஒடிந்தது. கட்டிலில் வைத்து மனிதர் சுமந்து மலையிறக்கவேண்டியிருந்தது. மகன் எலும்பு டாக்டர். இனி மலை வேண்டாம் என்று எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். அம்மையார் கேட்கவில்லை. இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டும், நடக்க முடியாத இடத்தில் மட்டக்குதிரையில் ஏறிக்கொண்டும் கிராமம் கிராமமாகப் போனார். 1974ல், தொண்ணூற்றைந்தாம் வயதில் மரித்தார். அந்த நாளில் இன்றைய மூட்டுகள் இல்லை. ஆனால் அவருக்குப் போகவேண்டிய ஊர்கள் இருந்தன.

எல்லாரும் அவரைப்போல மலையேற வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் பழைய நடை திரும்புவதில்லை. சிலர் கட்டிலிலிருந்து நாற்காலிவரைக்கும் போவதே பெரிய காரியம். அதைச் சிறிதென்று எண்ணக்கூடாது. வேதத்திலே யாக்கோபும் தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நொண்டித்தான் நடந்தான். ஆனாலும் அன்று அவன் நடந்துபோனது, இருபது வருஷமாகப் பார்க்காத தன் அண்ணனைச் சந்திக்க. எப்படி நடக்கிறோம் என்பதைவிட யாரிடத்துக்கு நடக்கிறோம் என்பதே பெரிது.

இவையெல்லாம் உங்களிடத்தில் ஏன் சொல்லுகிறேன்? நீங்கள் அனுப்பும் காணிக்கை ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது உங்களுக்குத் தெரியும். அது கமோடு நாற்காலியாகவும், வாக்கராகவும், சுவரில் பதிக்கும் கம்பியாகவும், கிராமத்துக்குப் போய்வரும் நர்சின் பஸ் கட்டணமாகவும் மாறுவது அநேகருக்குத் தெரியாது. கருவியின் விலைச்சீட்டைப் படமெடுத்து உங்களுக்குக் காட்டலாம். ஒரு விதவைத் தாயார் யாரையும் கூப்பிடாமல் தாமாக எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்த காலை நேரத்தை எப்படிப் படமெடுப்பது? அதை அவர் என்னிடம் சொன்னபோது அழுதார். அந்தச் சந்தோஷத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு.

வீட்டில் உபயோகமில்லாமல் வாக்கரோ, கமோடு நாற்காலியோ, உயரமான கட்டிலோ இருந்தால் கழுவித் துடைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள், காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சபையில் இப்படி வீடு திரும்பியவர் யாராவது இருந்தால், இந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் போங்கள். உங்கள் சொந்தத் தாய் தகப்பன் இன்னும் விழாதிருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் குளியலறைத் தரையைப் பாருங்கள். அவர்கள் கண்ணைப் பரிசோதித்து எத்தனை வருஷமாயிற்று, எழும்போது தலை சுற்றுகிறதா, எலும்புக்கு வைத்தியம் தேவையா என்று கேட்டு, டாக்டரிடம் அழைத்துப்போங்கள். ஒருமுறை முறிந்தவருக்கு மறுமுறை முறியாதபடி எலும்பை உறுதிப்படுத்தும் மருந்துகளும் இன்று இருக்கின்றன.

நீங்கள் இந்த ஊழியத்தைத் தாங்கி வருகிறபடியால் கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டிலுள்ள முதியவர்களையும் தாங்குவாராக. அவர்கள் நடக்கும் பாதையில் ஈரமும் இடறலும் இல்லாதிருக்க, அவர்களுக்கு முன்னே ஒரு நாற்காலியும், அந்த நாற்காலிக்கு எதிரே அவர்களுக்காகக் காத்திருக்கும் ஒருவரும் இருப்பார்களாக. ஆமென்.